உன் ஜன்னலில் கொசு பிறக்கவில்லை

இன்றைக்குக் காலைப் பூசையில் நற்கருணை வாங்கக் கை நீட்டினேன். அப்பத்தை வைக்க வந்த ஃபாதர் மூக்கைச் சுளித்தார். என் விரல்களில் காடி வாசனை. சிலிக்கோன் காயும்போது வருமே, அந்தப் புளித்த நெடி. நேற்று முழுக்க அதில்தான் கை வைத்திருந்தேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நீ முதல்முறை என் கடைக்கு வந்தபோது வாசலிலேயே நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, ஊறுகாய் போடுறியா?" என்று கேட்டது சரியாக அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. நற்கருணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு பெரிய பாவமோ, எனக்குத் தெரியாது. தோள் குலுங்கக் குலுங்க இடத்துக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

நீ போனபின் உன்னிடம் நான் பேசவே இல்லை. கல்லறைக்கு வருவேன், மெழுகுவர்த்தியைக் கொளுத்துவேன், வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். பேச ஆரம்பித்தால் ஊரில் உன்னைப் பற்றிப் பேசுகிறதையும் சொல்ல வேண்டிவருமே என்ற பயம். இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. காதைக் கொடுத்துக் கேள்.

உன்னைக் கொன்றது உன் ஜன்னல்தான் என்கிறார்கள். "தண்ணியக் கட்டி வெச்சா கொசு வராம வேற என்ன வரும்? கடைசில வெச்சவளையே கடிச்சிருச்சு பாரு." உன் அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே, காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படிச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சொன்னார்கள். பிறகு கமிட்டி கூடி, கோயில் மண்டபத்தின் மேற்குச் சுவரில் நாம் இருவரும் சேர்ந்து பொருத்திய அந்தத் தண்ணீர் ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டு, செங்கல் வைத்து அடைத்து, ஏர்கோன் மாட்டுவதென்று முடிவெடுத்தது. கழற்றும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? என்னிடம்தான். நம் கோயில் ஆட்களில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் நான் ஒருத்திதானே.

ஒரு கண்ணாடி போனால் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். தினம் கண்ணாடி உடைகிற பிழைப்பு என்னுடையது. ஆனால் அந்த ஜன்னல் சுவரை விட்டு இறங்கினால் அந்தப் பேச்சு நிரந்தரமாகிவிடும். நாளைக்கு உன் பேரைச் சொன்னால், "யாரு, அந்தக் கொசு ஜன்னல் வெச்சு செத்துப் போனாங்களே, அவங்களா?" என்று கேட்பார்கள். அதை என் கையாலேயே செய்து கொடுக்க வேண்டுமாம்.

நாம் ஒன்றும் பள்ளித் தோழிகள் இல்லை. பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். நீ சுருதியை விட்டு மேலே போவாய், நான் கீழே போவேன், நடுவில் நிற்பவர்கள் இருவரையும் முறைப்பார்கள். நீ பாசிர் கூடாங்கில் ஏதோ ரசாயனக் கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கிறவள், ஷிப்ட் வேலை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலைக்குப் போனதிலிருந்து கடை என் பொறுப்பில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டையைக்கூட மாற்றாமல் நேரே கடைக்கு வந்தாய். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"ரெண்டு கண்ணாடி, நடுவுல தண்ணி. செஞ்சு தருவியா?"

"மீன் தொட்டியாடி?"

"ஜன்னல்டி. என் ரூமுக்கு."

உன் அறை மேற்குப் பார்த்தது. அந்தத் தாமான் குடியிருப்பில் உன் வரிசை வீடுகள் அத்தனைக்கும் அதே தலையெழுத்து. மத்தியானம் ஆனால் சுவரில் ரொட்டி சுடலாம். இரவு வேலை பார்ப்பவள் பகலில்தானே தூங்கியாக வேண்டும்? தடித் திரை போட்டாய், கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டினாய். "சூடும் போகல, வெளிச்சமும் போச்சு. பகலெல்லாம் இருட்டுல கெடந்தா செத்த மாதிரி இருக்குடி" என்றாய். பிறகு நீ சொன்ன ஒன்றை நான் எத்தனையோ பேரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். "ராத்திரியெல்லாம் கம்பெனிக்காரனோட சூட்டத் தண்ணி விட்டுத் தணிக்கிறேன். பகல்ல என் சூட்டத் தணிக்க ஒரு நாதி இல்ல."

என் மேசை மேலேயே இரண்டு கண்ணாடித் துண்டுகளை நிறுத்தி விளக்கினாய். வெயிலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சூடும் இருக்கிறது. தண்ணீர் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும், அந்தச் சூட்டில் பெரும்பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். சூடான தண்ணீர் மேலே ஏறித் தொட்டிக்குப் போகும், ஆறின தண்ணீர் கீழிருந்து உள்ளே வரும். வாங்கிய சூட்டைக் குளிக்கவோ கழுவவோ எடுத்துக்கொள்ளலாம். "நான் கண்டுபிடிச்சதுன்னு நெனைக்காத. எங்கெங்கயோ செஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இத நாமல்ல செய்யணும்?" என்றாய். நான் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே, வெயிலைத் தடுக்க எவ்வளவோ இருக்கிறதே என்றேன். "வெயில வெரட்டாதடி, கண்ணாடிக்காரி. வேலை வாங்கு" என்றாய்.

முதல் ஜன்னலை நான் கதவு உயரத்துக்குச் செய்தேன். உயரமாக இருந்தால் அழகாக இருக்குமே என்று. கடை நடுவில் நிறுத்தி ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டோம். முக்கால்வாசி ஏறும்போதே கீழ்ப்பக்கம் கண்ணாடி கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளியது. நீ "நிறுத்துடி, நிறுத்து!" என்று கத்துவதற்குள் அடியில் சிலிக்கோன் பிரிந்து, மொத்தத் தண்ணீரும் கடையைத் தாண்டிப் பக்கத்து டயர் கடைக்குள் பாய்ந்தது. டயர்க்கடைச் சீனக்கிழவர் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அலமாக்! பஞ்சீர்! பஞ்சீர்!" என்று அலறினார். வெள்ளம் வந்துவிட்டதாம். நாம் இருவரும் ஈரத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் கடைசியில் சிரித்துவிட்டு, துடைப்பத்தைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார்.

துடைத்துக்கொண்டே சொன்னாய்: "எவ்வளவு தண்ணிங்கிறது கணக்கில்ல. எவ்வளவு ஒசரத்துல நிக்குதுங்கிறதுதான் கணக்கு." அடுத்ததை உயரத்தைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, தடித்த கண்ணாடியில் செய்தேன். உன் அறையில் பொருத்திய அன்று மத்தியானம் உச்சி வெயிலில் அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். பக்கத்திலிருந்த அலுமினியச் சட்டம் தொட்டால் சுட்டது. கண்ணாடி சுடவில்லை. வெளியே உன் வீட்டு முருங்கைமரம் லேசாக அலைகிற மாதிரி தெரிந்தது. அடுத்த வாரம் பாடகர் பயிற்சிக்கு வந்தபோது உன் முகத்தில் அப்படி ஒரு களை. "அலாரம் அடிச்சதே கேக்கலடி. கம்பெனி பஸ்ஸ விட்டுட்டேன்!" பஸ்ஸை விட்டதற்குப் பெருமைப்பட்ட ஒரே ஆள் நீதான்.

அதோடு நீ சும்மா இருந்திருக்கலாம். உன்னால் முடியாது. கோயில் மண்டபத்தின் மேற்குப் பக்கத்து அறையில் மத்தியானம் சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட் என்று ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள். வெயில் சாயச் சாய அந்த அறை கொதிக்கும். வியர்த்து நசநசத்து, வேர்க்குரு முதுகைச் சொறிந்துகொண்டு, ஒன்று அழுதால் எல்லாம் அழும். அந்த ஜன்னலை மாற்றலாம் என்று நீ கமிட்டியில் கேட்டாய்.

கமிட்டித் தலைவர் சேவியர் அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். துறைமுக ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், மண்டபத்தில் ஒரு நாற்காலி கோணலாக இருந்தாலும் அவர்தான் நேராக்குவார். ஆனால் தான் யோசிக்காத ஒன்றை இன்னொருத்தர் யோசித்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "கோயில்ல மீன் வளக்கப் போறியாமா?" என்று கேட்டுச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, "மீனும் வளக்கலாம்ணே, ஆனா சூடு வாங்கிச் செத்துப் போயிரும்" என்றாய். பொருளும் கூலியும் நம்முடையது என்றதும் ஃபாதர் சரி என்றுவிட்டார்.

மண்டபத்து அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற லூர்து அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். திருவிழாச் சோறு ஆக்குவதிலிருந்து அண்டா தேய்ப்பது வரை அவர் கைதான். வயசாகி, பச்சைத் தண்ணீரில் நின்று நின்று விரல்கள் மடங்காமல் போயிருந்தன. ஜன்னல் தண்ணீரின் சூட்டை ஒரு செம்புச் சுருள் வழியாக இன்னொரு தொட்டிக்கு மாற்றி, அந்தத் தொட்டியிலிருந்து அவர் குழாய்க்கு இழுத்தாய். ஜன்னல் தண்ணீர் தனி, கழுவுகிற தண்ணீர் தனி. முதல் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவைக் கழுவக் குழாயைத் திறந்தவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மறுபடி நீட்டினார். "யம்மா, வெதுவெதுன்னு இருக்கே!" உன் தலையை ஈரக் கையாலேயே தடவி ஆசீர்வாதம் பண்ணினார். உன் முடியெல்லாம் சோப்பு நுரை.

வந்த வினை அந்தச் சந்தோஷத்திலிருந்துதான் வந்தது. ஃபாதர் ஜன்னலை மந்திரித்த அன்று, எல்லாரும் பந்திக்குப் போன பிறகு, லூர்து அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, நிரப்புகிற மூடியைத் திறந்து, தமிழ்நாட்டு மாதா கோயில் ஒன்றின் கிணற்றிலிருந்து தான் கொண்டுவந்து பல வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அப்படியே உள்ளே ஊற்றிவிட்டார். சாவு வீட்டில்கூட நாலு சொட்டுக்கு மேல் தெளிக்காத தண்ணீர் அது. மொத்தப் பாட்டிலையும் உனக்காக ஊற்றியிருக்கிறார். ஊற்றிவிட்டு மூடியை நன்றாகத் திருகியும் மூடியிருக்கிறார். திறந்தவெளிக் கிணற்றுத் தண்ணீர், அதில் என்னென்ன விதை இருந்ததோ, மேற்கு வெயில் அதற்குச் சாப்பாடு போட்டது. பாசி பிடிக்காமலிருக்க நீ தண்ணீரில் கலந்திருந்த மருந்து போதவில்லை. சில வாரத்தில் ஜன்னல் பச்சை பிடித்தது.

அப்போதும் அறை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் குளத்துக்குள் படுத்திருக்கிறோம் என்று குதூகலப்பட்டார்கள். பெரியவர்கள்தான், "தவளை எப்ப வரும்?" என்று கேட்டார்கள். உனக்கோ ஏன் பச்சை பிடித்தது என்று புரியவில்லை. உன் வேலையே தண்ணீரைப் பச்சை பிடிக்காமல் காப்பதுதானே! இரண்டு நாள் அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாய். அப்போது லூர்து அக்கா உனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீ ஏம்மா கவலப்படுற? நான் மாதா தண்ணி ஊத்தியிருக்கேன்லா. ஒண்ணும் ஆகாது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ காப்பியை ஒரு மடக்குக் குடித்தாய். "அதான் பாத்தேன். நன்றிக்கா" என்றாய்.

கமிட்டியில் கேட்டபோது, "எங்கயோ கோளாறு ஆயிருச்சு. கொஞ்சம் டைம் குடுங்க, சரி பண்றேன்" என்று மட்டும் சொன்னாய். நான் மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். நீ என் காலைத் திருப்பி மிதித்தாய். வெளியே வந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நான் உன்னோடு சண்டை போட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் உன் தலை தப்பும், ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய் என்று.

"அந்தத் தண்ணி அவங்களுக்கு உசுருடி. அதுலதான் அழுக்கு இருந்துச்சுன்னு கமிட்டியில வெச்சு நாலு பேரு சொன்னா அவங்க தாங்குவாங்களா? ஜன்னலக் கழுவிறலாம். அதக் கழுவ முடியுமா?"

கழுவுவதற்கு எல்லாம் தயார் பண்ணினாய். மருந்து கலந்த தண்ணீரை ஒரு பெரிய கேனில் கொண்டுவந்து என் கடை மேசைக்கு அடியில் வைத்தாய். அடுத்த லீவில் கழுவுவோம் என்றாய். அதற்குள் காய்ச்சல் வந்தது. டெங்கி. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று கையெல்லாம் ஊசி குத்திய நீலம். உன் சாவிக் கொத்திலிருந்து சின்னச் சாவி ஒன்றைக் கழற்றச் சொன்னாய். பிள்ளைகள் கை வைக்கக் கூடாதென்று வடிகால் வால்வுக்கு நீ போட்டிருந்த பூட்டின் சாவி. "எறக்கிக் கழுவி நிரப்பிரு. அக்கா பேரு வெளிய வரக் கூடாது." நான், "நீயே வந்து கழுவுடி" என்றேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது. கோபமாகத்தான் சொன்னேன், அதற்காக வருத்தப்படவும் மாட்டேன். நீ வந்திருக்க வேண்டும்.

சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டார்ச் அடித்து உன் ஜன்னலையும் தொட்டியையும் மூடி மூடியாகத் திறந்து பார்த்தார்கள். ஒரு புழு இல்லை. அடைத்து வைத்த தண்ணீருக்குள் கொசு எப்படி முட்டையிடும்? ஆனால் புழு கிடைத்தது. மண்டப வராந்தாவில், ஆயர் ஈத்தாமிலிருந்து சேவியர் அண்ணன் ஆசையாகக் காரில் ஏற்றி வந்து வரிசையாக வைத்த மண் பூந்தொட்டிகள் இருக்கின்றனவே, அவற்றின் அடித்தட்டுகளில். கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். உன்னைக் கடித்த கொசு அதில்தான் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் கம்பெனியில் பிறந்ததோ, பஸ் நிற்கிற இடத்தில் பிறந்ததோ, யாருக்குத் தெரியும்? தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவதை நான் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். புகை அடித்தார்கள், அந்த அறையைப் பூட்டினார்கள், பிள்ளைகளை மண்டபத்தின் நடுவில் காற்றாடிக்கு அடியில் படுக்க வைத்தார்கள். பேச்சு மட்டும் மாறவே இல்லை. பூந்தொட்டிகள் ஒரே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

போன ஞாயிறு கமிட்டியில் நான் கத்தினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்களே, ஒரு புழு இல்லையே என்றேன். "அதெல்லாம் சரி தங்கச்சி, பச்சையா இருக்கே, ஜனங்க பயப்படுறாங்கல்ல" என்றார் சேவியர் அண்ணன். எப்படிப் பச்சையாயிற்று என்று ஒருத்தர் கேட்டார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைசி வரிசையில் லூர்து அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தும் என் வாயைக் கட்டிப் போட்டுவிட்டாயே! அத்தனை பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். எவ்வளவு தண்ணீர் என்பது கணக்கில்லை என்று நீ சொன்னதை நினைத்துக்கொண்டு, நான் வேறு வழி பார்த்தேன்.

"சரிண்ணே. நானே செய்றேன். வேற யாரும் தொடக் கூடாது. அறைச் சாவியக் குடுங்க."

எவ்வளவு நிம்மதியாகக் கொடுத்தார் தெரியுமா?

நேற்றுக் காலையிலேயே போய்விட்டேன். உன் சாவியைப் போட்டு வால்வைத் திருகினேன். பச்சைத் தண்ணீர் குபுகுபுவென்று வாளியில் விழுந்தது. முதல் வாளியைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் சாய்க்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"அய்யய்யோ! என்னம்மா பண்ற? மாதா தண்ணிய லோங்காங்லயா ஊத்துற?"

லூர்து அக்கா. அடுப்படிக்கு வந்தவர். லோங்காங் என்று நம் ஆட்கள் சாக்கடையை மலாய்க்காரர் மாதிரியே சொல்வதை நீ எப்போதும் கிண்டல் பண்ணுவாயே. மந்திரித்த தண்ணீர் மண்ணில்தான் விழ வேண்டும், கால் படுகிற இடத்தில், சாக்கடையில் எல்லாம் ஊற்றக் கூடாது. எனக்கும் தெரிந்ததுதான், ஆத்திரத்தில் மறந்துவிட்டேன். அப்புறம் என்ன? அந்த ஜன்னல் கொண்ட தண்ணீர் அத்தனையும் வாளி வாளியாக மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு, மாதா சிலை நிற்கிற கெபிக்குப் போயிற்று. கெபியைச் சுற்றியிருக்கிற செம்பருத்திக்கும் காகிதப் பூவுக்கும் இரண்டு பேரும் ஊற்றினோம். எனக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. அக்கா ஒவ்வொரு வாளிக்கும் ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொன்னார்.

பாதியில் நின்று, வாளிக்குள் கையை விட்டு, பாசியை இரண்டு விரலில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, நான் ஊத்துனதுனாலயா இப்படி ஆச்சு?"

"இல்லக்கா. வெயில்."

"அவளும் ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்ல மாட்டேங்கிற." விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மேல் மூடியைத் திறந்து, நீளக் கம்பியில் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷைக் கட்டி, உள்ளே விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். வெளிச்சட்டத்தின் மூலைகளில் வெடித்திருந்த பழைய சிலிக்கோனைச் சுரண்டிவிட்டுப் புதிதாக இட்டேன். பிறகு தண்ணீர் நிரப்பினேன். கடைசியாக நீ கலந்து வைத்த கேன். தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றுவிட்டேன், சாய்க்க மனசு வரவில்லை. உன் கை பட்டதில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், ஊற்றிவிட்டால் என் கடையில் நீ இல்லை. அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "ஊத்தும்மா. அதுக்குத்தான வெச்சிட்டுப் போனா" என்றார். ஊற்றினேன். ஊற்றும்போதே, அக்காவின் இன்னொரு கை புடவைக்குள் போவதைக் கண்டுவிட்டேன்.

"அக்கா! கையில என்ன?"

"ஒண்ணுமில்லலா. வெறும் கை." விரித்துக் காட்டினார். ஜெபமாலை. இருந்தாலும் மூடியை நானே இரண்டு தடவை திருகினேன்.

இன்றைக்குப் பூசை முடிந்ததும் எல்லாரும் மொட்டைச் சுவரைப் பார்க்க வந்தார்கள். சேவியர் அண்ணன் செங்கல்காரரையே கூட்டி வந்திருந்தார். கதவைத் திறந்தேன். அறை முழுக்க வெளிச்சம். ஜன்னலில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அந்தப் பக்கத்துப் பலாமரம் மட்டும் லேசாக அசைந்தது. ஒரு குழந்தை ஓடிப்போய்க் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டது.

"கழட்டச் சொன்னோமே, தங்கச்சி?"

"கழட்டல."

"சாவிய வாங்கினியே?"

"வாங்கினேன். கழுவினேன். பாருங்க, எங்க இருக்கு கொசு? கையில புடிச்சுக் காட்டுங்க, நானே சுத்தியலால ஒடைக்கிறேன்."

அவர் முகம் சிவந்தது. "கமிட்டி முடிவுமா இது. நீ இஷ்டத்துக்கு..." என்று ஆரம்பித்தார். பச்சை இன்றைக்குப் போனால் நாளைக்கு வராதா, எதனால் வந்தது என்றே சொல்ல மாட்டேன் என்கிறாயே என்று இன்னொருத்தர் குரல் கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பேர் வெளியே வரக் கூடாது என்று நீ சொன்னாயே.

லூர்து அக்கா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான்யா ஊத்துனேன். மாதா கெணத்துத் தண்ணி, ஒரு பாட்டில். அதுல பச்ச புடிச்சிருச்சு. புடிக்கட்டுமே? அது உசுருள்ள தண்ணி. அந்தப் புள்ள கடைசி வரைக்கும் என் பேரச் சொல்லல. இவளும் சொல்லல. நான் என்ன ஊமையா?" சேவியர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "புழு எங்க இருந்துச்சுன்னு டார்ச் அடிச்சவன் சொன்னான்ல? மொதல்ல வாசல்ல இருக்க தட்டக் கவுத்துட்டு வா, சேவியரு. அப்புறமா இதக் கழட்டு."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் தண்ணீரை அழுக்கு என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. நீ பயந்தாயே, அது நடக்கவில்லையடி. செங்கல்காரர் மட்டும் ஜன்னலில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இதை எங்கே செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். ஃபாதர் மண்டப வராந்தாவுக்குப் போய்த் தானே குனிந்து ஒரு பூந்தொட்டியைத் தூக்கினார். அதற்குப் பிறகு சேவியர் அண்ணன் என்ன செய்ய முடியும்? அவரும் போய்த் தூக்கினார். போகும்போது, "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார்.

பேசட்டும். வராமல் இருக்க மாட்டேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பார்கள், அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்பார்கள், பச்சை பிடித்தால் மறுபடி கேட்பார்கள். பிடித்தால் மறுபடி கழுவுவேன். மருந்து எப்படிக் கலப்பது என்று உன் கம்பெனித் தோழியிடம் கேட்டு வைத்துவிட்டேன். உன் பேரோடு கொசுவைச் சேர்த்துச் சொல்கிற வாய் எதுவானாலும், அதன் முன்னால் நான் நிற்பேன். நீ பெரிய மனசுக்காரி, வாயை மூடிக்கொண்டு போய்விட்டாய். நான் அப்படி இல்லை.

நாளைக்கு மத்தியானம் பிள்ளைகள் மறுபடி அந்த அறையில்தான் படுப்பார்கள். மேற்கு வெயில் வந்து உன் தண்ணீரில் இறங்கி, அக்காவின் குழாய்க்குப் போகும். அவர்கள் தூங்குவார்கள். நீ தூங்கின மாதிரி, பஸ்ஸை விடுகிற தூக்கம்.

தண்ணீர் நிறைந்த ஜன்னலை யாராலும் அசைக்க முடியாது, அவ்வளவு கனம். கழற்ற வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை இறக்க வேண்டும். இறக்கச் சாவி வேண்டும். அது என் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வந்து கேட்கட்டும்.